மலையேறிய கிதாரும் கடல் கடந்த தவிலும்

எழுபதுகளின் கொடைக்கானலைப் பற்றி எழுதப்படுபவை பெரும்பாலும் ஹிப்பிகளோடும் கஞ்சாப் புகையோடும் நின்றுவிடுகின்றன. அந்த வெளிநாட்டவர் கிதாரும் தாமுமாகப் பழனி மலையேறிய அதே ஆண்டுகளில், கீழே சமவெளியில் நம்மவர்களும் ராக் இசைக்குழுக்கள் நடத்திக்கொண்டிருந்தனர். வந்துபோனவர்களை நினைவில் வைத்துக்கொண்டு, இங்கேயே இருந்து வாசித்தவர்களை நாம் மறந்துவிட்டோம்.

அன்று ஒரு சிகரெட் நிறுவனம் 'சிம்லா பீட்' என்ற பெயரில் அகில இந்தியப் போட்டி நடத்தி, 1970, 1971 ஆகிய ஆண்டுகளுக்கு இசைத்தட்டுகளையும் வெளியிட்டது. சென்னையின் 'கன்ஃப்யூஷன்ஸ்' குழுவை இன்றும் கேட்க முடிவது அதனால்தான். (சபாக்கள் செய்யாததைப் புகையிலை செய்தது!)

1948இல் சென்னையில் பிறந்த ட்ரம்ஸ் கலைஞர் ரமேஷ் ஷோத்தம், தம் சகோதரர் சுரேஷுடன் சேர்ந்து நடத்திய 'ஹ்யூமன் பாண்டேஜ்' அக்காலத்தின் முக்கியமான குழு. பெயரைக் கேட்டதும் சாமர்செட் மாமின் நாவல் நினைவுக்கு வரும்; 1938இல் திருவண்ணாமலைக்கு வந்து ரமணரைக் கண்டாரே, அதே மாம். பெங்களூரை மையமாகக் கொண்டிருந்த இக்குழு எழுபதுகளிலேயே கலைந்தது.

இத்தகைய குழுக்களின் சரிவுக்கு டிஸ்கோவின் வரவைக் காரணம் காட்டுவது வழக்கம். நமக்கு அதில் முழு உடன்பாடில்லை. அவர்கள் ஆங்கிலத்தில் பாடினர். அதிலும் பெரும்பகுதி பிறர் பாடல்கள். தமிழ் ரசிகனுக்கு மின்கிதார் திரைப்பாடல் வழியாகவே வீட்டுக்குள் வந்தது. பிழை அவர்களுடையது மட்டுமன்று. மேலை இலக்கியத்தை அத்தனை ஆர்வத்தோடு வரவேற்ற 'கசடதபற' காலத்துச் சிற்றிதழ் உலகமும் இந்த இரைச்சலுக்குக் கதவைப் பெரிதாகத் திறக்கவில்லை. கவிதையில் புதுமை வேண்டும், செவிக்கு மட்டும் பழமை போதும் என்பது என்ன நியாயம்?

ஷோத்தம் செய்ததோ வேறு. பெங்களூரில் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் நிறுவனத்தில் தவில், கடம், மோர்சிங் முதலியவற்றைக் கற்றார். ஜெர்மனியின் கொலோன் நகரில் குடியேறினார். சார்லி மரியானோவின் சாக்ஸபோனுக்குத் துணையாக வாசித்தார். நாதஸ்வரத்தை விட்டுப் பிரியாதிருந்த தவில், ஜாஸ் மேடைக்குப் போனது ஒரு ராக் கலைஞனின் கைவழியாக. இதை வீழ்ச்சி என்று எழுத நமக்கு மனம் வரவில்லை.

அந்தத் தலைமுறையினர் இன்று எழுபதைக் கடந்தவர்கள். ஒலிநாடாவுக்கு ஏறாத இசையைப் பற்றி அவர்களிடமே கேட்டுத்தான் அறியவேண்டும். தமிழில் அப்படி ஒரு நேர்காணல் வரிசையை யாரேனும் தொடங்கினால் முதல் வாசகர்கள் நாமே.