குண்டுக்குத் தப்பினார்கள், குப்பைப் புகைக்குத் தப்பவில்லை: இராக் முகாம் வாழ்க்கை சொல்லும் பாடம்

போர் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது சினிமாக் காட்சிதான். பாயும் டாங்கி, பறக்கும் ஹெலிகாப்டர், வெடிக்கும் குண்டு. ஆனால், 2003 முதல் 2011 வரை இராக்கில் இருந்து திரும்பிய அமெரிக்க வீரர்களின் நினைவுகளில் திரும்பத் திரும்ப வருபவை வேறு: வெயில், தூசி, காத்திருப்பு, சலிப்பு. அப்புறம், ஒரு கரும்புகை.

அந்தப் புகையைப் பற்றிப் பேச வேண்டுமென்றால், முதலில் அங்கே ஒரு நாள் எப்படிக் கழிந்தது என்று பார்க்க வேண்டும்.

50 டிகிரி வெயிலில் அரை மூட்டை சிமென்ட்

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் இராக்கின் வெயில் 45 டிகிரி செல்சியஸைச் சாதாரணமாகத் தாண்டும். சில நாட்களில் 50-ஐத் தொடும். அந்த வெயிலில் ரோந்து போகும் வீரர் மீது பீங்கான் தகடு வைத்த கவச உடை, ஹெல்மெட், துப்பாக்கி, தோட்டா, தண்ணீர் எல்லாம் இருக்கும். மொத்தம் 25 முதல் 30 கிலோ. அதாவது, அரை மூட்டை சிமென்டை உடம்பில் கட்டிக்கொண்டு நாள் முழுக்க நடப்பது போல.

தூசியோ முகப்பவுடர் மாதிரி நைஸாக இருக்கும். படுக்கை, சாப்பாடு, மூக்கு, துப்பாக்கி என்று எதையும் விடாது. துப்பாக்கியைத் தினமும் பிரித்துத் துடைக்காவிட்டால், அவசரத்துக்குச் சுடாது.

சாப்பாடு? வெளியே போனால் பொட்டலம்தான். ஒரு பொட்டலத்தில் சுமார் 1,250 கலோரி. கூடவே வரும் சின்னப் பையில் மெக்னீசியத் தூள் இருக்கும். கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால் சூடாகிவிடும், அடுப்பே வேண்டாம்.

பெரிய முகாம்களில் கதையே வேறு. பாக்தாத்துக்கு வடக்கே இருந்த பலாட் தளத்தில் நீச்சல் குளம், சினிமா அரங்கு, பர்கர் கடை எல்லாமே இருந்தன. கூடவே, வெளியிலிருந்து அடிக்கடி வந்து விழும் மார்ட்டர் குண்டுகளும் இருந்தன. அதனால் வீரர்கள் அந்தத் தளத்துக்கு வைத்த பட்டப்பெயர் ‘மார்ட்டரிடாவில்’.

வெளியே போனால் இன்னொரு பயம். இராக்கில் அமெரிக்க வீரர்களின் உயிரை அதிகம் பறித்தவை சாலையோர வெடிகுண்டுகள். ஆரம்ப ஆண்டுகளில் பல வண்டிகளுக்குச் சரியான கவசம்கூடக் கிடையாது. பழைய இரும்புத் தகடுகளைப் பொறுக்கி வெல்டிங் வைத்து ஓட்டினார்கள். 2004 டிசம்பரில் குவைத்தில் பாதுகாப்பு அமைச்சர் டொனால்ட் ரம்ஸ்ஃபெல்டிடம் ஒரு வீரர் இதை நேருக்கு நேர் கேட்டே விட்டார். கண்ணிவெடியைத் தாங்கும் வண்டிகள் பெருமளவில் வந்து சேர்ந்தது 2007-ல்தான். அதே ஆண்டில், தரைப்படையினரின் பணிக்காலம் 12 மாதத்திலிருந்து 15 மாதமாக நீட்டிக்கப்பட்டது.

குப்பை எங்கே போச்சு?

இத்தனை ஆயிரம் பேர் சாப்பிட்டு, குடித்து, வேலை பார்க்கும் இடத்தில் குப்பை மலை மாதிரி குவியும். தண்ணீர் பாட்டில், பிளாஸ்டிக் தட்டு, பேட்டரி, பெயின்ட், டயர், மருத்துவக் கழிவு என எல்லாமும்தான்.

சின்ன முகாம்களில் கழிப்பறைக் கழிவையே வெட்டிய டிரம்மில் பிடித்து, டீசல் ஊற்றி, கம்பால் கிளறி எரிப்பார்கள். அது வீரர்களுக்கு முறை வைத்துப் போடப்படும் வேலை. பெரிய முகாம்களில் ஒரு பள்ளம் தோண்டி, எல்லாவற்றையும் அதில் கொட்டி, விமான எரிபொருளை ஊற்றிக் கொளுத்தினார்கள். பலாட் தளத்தில் மட்டும், உச்சத்தில் இருந்தபோது, நாளொன்றுக்கு நூறு டன்னுக்கும் மேல் எரிந்தது. புகை தூங்கும் இடம் வரை வந்தது.

இது யாருக்கும் தெரியாமல் நடந்ததா என்றால், இல்லை. பலாட் பள்ளம் உடல்நலத்துக்குக் கேடு என்று விமானப்படையின் சுகாதாரப் பொறியாளர் ஒருவர் 2006-லேயே எழுத்தில் எச்சரித்தார். அந்தப் பள்ளம் மூடப்பட்டது 2009-ல்.

‘நிரூபி’ என்றது அரசு

ஊர் திரும்பிய பிறகு சிலருக்கு மூச்சு வாங்கியது. சிலருக்கு அரிய வகைப் புற்றுநோய் வந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்று நிம்மதியாக இருந்தவர்களுக்குப் புகை வழியாக வந்தது வினை.

அவர்கள் இழப்பீடு கேட்டபோது அரசு கேட்ட கேள்வி: உங்கள் நோய் அந்தப் புகையால்தான் வந்தது என்பதற்கு என்ன ஆதாரம்? புகையைக் காரணம் காட்டிய மனுக்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் நிராகரிக்கப்பட்டன.

அறிவியல் என்ன சொன்னது? அமெரிக்க மருத்துவக் கழகம் 2011-ல் பலாட் தரவுகளை ஆராய்ந்து, நீண்டகாலப் பாதிப்பைப் பற்றி உறுதியாகச் சொல்லப் போதுமான சான்று இல்லை என்றது. நேர்மையான முடிவுதான். ஆனால், சான்று ஏன் இல்லை? எதை எரித்தோம், எவ்வளவு எரித்தோம், யார் எவ்வளவு சுவாசித்தார்கள் என்று யாரும் சரியாக அளக்கவில்லை. அளக்க வேண்டியவர் முகாமை நடத்தியவர். அவர் அளக்காமல் விட்டுவிட்டு, புகையைச் சுவாசித்தவரிடம் போய் அளவு கேட்டால் அது என்ன நியாயம்?

‘ஆபத்து தெரிஞ்சுதானே ராணுவத்தில் சேர்ந்தாங்க?’ என்று கேட்பவர்கள் உண்டு. எதிரியின் குண்டு என்ற ஆபத்துக்கு அவர்கள் சம்மதித்தது உண்மை. ஆனால், இந்தப் பள்ளத்தை வெட்டியது எதிரி அல்ல, சொந்த நிர்வாகம். ஒரு தொழிற்சாலையில் இப்படி நடந்தால் முதலாளியைத்தானே கேட்போம்?

கடைசியில், 2022 ஆகஸ்ட் 10 அன்று ‘பாக்ட்’ சட்டத்தில் அதிபர் ஜோ பைடன் கையெழுத்திட்டார். இராக்கில் பணியாற்றி, நுரையீரல் புற்றுநோயால் 2020-ல் இறந்த ஹீத் ராபின்சன் என்ற வீரரின் பெயரைத் தாங்கியது அந்தச் சட்டம். அதுவும் சுலபமாக வரவில்லை. செலவு பத்தாண்டுகளில் சுமார் 28,000 கோடி டாலர் ஆகும் என்ற கணக்கு ஒரு பக்கம், செனட்டில் கடைசி நேர முட்டுக்கட்டை இன்னொரு பக்கம். முன்னாள் வீரர்கள் நாடாளுமன்றப் படிக்கட்டிலேயே படுத்துப் போராடிய பிறகுதான் நிறைவேறியது.

இந்தச் சட்டத்தின் முக்கியமான மாற்றம் பணம் அல்ல. நிரூபிக்கும் சுமை இடம் மாறியதுதான். குறிப்பிட்ட காலத்தில் குறிப்பிட்ட இடத்தில் இருந்து, பட்டியலில் உள்ள 20-க்கும் மேற்பட்ட நோய்களில் ஒன்று வந்திருந்தால், அது பணியால் வந்தது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். 2024 மே மாதத்துக்குள் 10 லட்சம் மனுக்கள் ஏற்கப்பட்டதாக அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் நலத் துறை அறிவித்தது. அப்படியென்றால், அதற்கு முன் எத்தனை பேர் கதவைத் தட்டிவிட்டு வெறுங்கையோடு திரும்பியிருப்பார்கள்!

வியட்நாமில் தெளித்த ‘ஏஜென்ட் ஆரஞ்ச்’ ரசாயனத்துக்கும் இதே கதைதான். அமெரிக்கப் படைகள் வெளியேறியது 1973-ல், நோய்க்குப் பொறுப்பேற்கும் சட்டம் வந்தது 1991-ல். ஒரே தவறு, ஒரே தாமதம், இரண்டு தலைமுறை.

சமையற்கட்டில் நின்றவர்களுக்கு?

இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத பக்கம் ஒன்று இருக்கிறது. 2008 வாக்கில் இராக் களத்தில் கிட்டத்தட்ட ஒரு வீரருக்கு ஓர் ஒப்பந்தத் தொழிலாளி என்ற விகிதம் இருந்தது. அவர்களில் ஐந்தில் ஒருவர்தான் அமெரிக்கர். மற்றவர்கள் இராக்கியர்களும், நேபாளம், இந்தியா, இலங்கை, பிலிப்பைன்ஸ் போன்ற நாடுகளிலிருந்து போனவர்களும்தான். சமைத்தது, பாத்திரம் கழுவியது, துணி துவைத்தது, லாரி ஓட்டியது எல்லாம் இவர்கள்.

ஏஜென்ட் காட்டிய இடம் ஒன்று, போய்ச் சேர்ந்த இடம் வேறு என்று ஏமாந்தவர்களும் இவர்களில் உண்டு. 2004 ஆகஸ்டில் 12 நேபாளத் தொழிலாளர்கள் கடத்திக் கொல்லப்பட்டபோதுதான் உலகம் இவர்களை ஒரு கணம் திரும்பிப் பார்த்தது.

அதே புகையைத்தான் இவர்களும் சுவாசித்தார்கள். ஆனால், பாக்ட் சட்டம் முன்னாள் படைவீரர்களுக்கு மட்டும். ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கென 1941-ல் வந்த காப்பீட்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதில் வெளிநாட்டவரும் அடக்கம். ஆனால், நோய்க்கும் வேலைக்கும் உள்ள தொடர்பை அவர்கள்தான் மருத்துவ ஆதாரத்தோடு காட்ட வேண்டும். வீரர்களுக்குக் கிடைத்த சலுகை இங்கே இல்லை. இருபது வருஷத்துக்கு முன் ஒரு முகாமில் பாத்திரம் கழுவிய மனிதர், ஏதோ ஒரு மலைக் கிராமத்தில் இருமிக்கொண்டே எந்த ஆதாரத்தைத் தேடுவார்? பள்ளத்துக்குப் பக்கத்து ஊரில் இருந்த இராக்கியர்களுக்கோ அந்தப் பேச்சே இல்லை.

வீரர்களுக்குக் கிடைத்தது சலுகை அல்ல, உரிமை. அந்த உரிமைக்கு அடிப்படை அவர்கள் போட்டிருந்த சீருடை அல்ல, அவர்கள் இருந்த இடம். இடம்தான் அளவுகோல் என்றால், அது எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். யார் எந்த முகாமில் எத்தனை மாதம் வேலை பார்த்தார்கள் என்ற சம்பளப் பட்டியல் ஒப்பந்த நிறுவனங்களிடம் இருந்திருக்கும். மனமிருந்தால் அதிலிருந்தே தொடங்கலாம்.