லேப்டாப் எப்போது வேண்டும்?

தருமபுரி மாவட்டம் இண்டூர் போன்ற ஊர்களில், அண்ணனுக்கு அரசு லேப்டாப் கிடைத்து, தம்பிக்குக் கிடைக்காமல் போன வீடுகள் உண்டு.

ஜெயலலிதா 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய திட்டம் இது. அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் ப்ளஸ் டூ மாணவர்கள் லட்சக்கணக்கானோர் விலையில்லா லேப்டாப் பெற்றார்கள். 'சினிமா பார்க்கத்தான்' என்ற கேலியும் இருந்தது. பார்க்கட்டுமே! வீட்டுக்குள் முதன்முதலாகக் கம்ப்யூட்டர் வந்ததே அப்படித்தானே?

கொரோனாவில் பள்ளிகள் பூட்டப்பட்டு, அப்பாவின் செல்போனுக்காகப் பிள்ளைகள் காத்திருந்த சமயத்தில் திட்டம் தடைபட்டது. 2026 ஜனவரியில் 'உலகம் உங்கள் கையில்' என்று மீண்டும் வந்தது. இம்முறை கல்லூரி மாணவர்களுக்கு. நல்லதுதான். ஆனால், அரசுக் கல்லூரியில் சேரவே ஆன்லைனில்தான் விண்ணப்பிக்க வேண்டும். ப்ளஸ் டூ முடித்த பிள்ளை அதற்கு ப்ரவுசிங் சென்டரைத்தான் தேடிப் போகிறது.