பழி ஓரிடம், பிழை ஓரிடம்

இங்கிலாந்தின் ஆபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை உருவாகிய எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார், ஜி.டி. வகையையும் சேர்த்து, 5 இலட்சத்துக்கும் மேல். அதனை இன்றும் பேணி ஓட்டுவோரிடையே ஒரு மூடநம்பிக்கை நிலவுகின்றது. கிளட்சை விட்டதும் பின்புறத்தில் 'டொக்' என ஒலி எழுந்தால், டிஃபரென்ஷியல் கெட்டது என்று உடனே தீர்ப்பளிப்பர். வேறு சிலரோ, "பழைய வண்டி, சத்தம் போடத்தான் செய்யும்" என்று சிரித்துக்கொண்டே ஓட்டுவர். முன்னவர் இழப்பது பணம். பின்னவர் பணயம் வைப்பது உயிர்.

டிஃபரென்ஷியலுக்குள் வாஷர்கள் தேய்ந்தால் அவ்வொலி எழும் என்பது மெய்யே. ஆனால் புரொப்பெல்லர் ஷாஃப்டின் மூட்டு தேய்ந்தாலும், அச்சை வில்லோடு பிணைக்கும் போல்ட்டுகள் தளர்ந்தாலும், கம்பிச் சக்கரத்தின் உட்பற்கள் மழுங்கினாலும் அதே ஒலிதான் எழும். இவையனைத்தினும் கொடியது ஒன்றுண்டு. 1965இல் ஜி.டி. வகையிலும், 1967இல் திறந்த வண்டியிலும் புகுந்த குழாய் அச்சில், ஆக்சில் ஷாஃப்டின் வெளிமுனைப் பற்களில் ஹப் அமர்ந்திருக்கும். அதன்மேல் பிரேக் டிரம்மும் சக்கரமும். இத்தனையையும் பிடித்து நிற்பது ஒரே ஒரு நட்டு. அது தளர்ந்தால் ஹப் ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் அடிபட்டுப் பற்களைத் தின்னும். முடிவில் ஹப், டிரம், சக்கரம் மூன்றும் ஒருசேரக் கழன்றோடும். டிரம் இல்லாத இடத்தில் பிரேக்கை மிதித்தால் பிஸ்டன்கள் வெளியே தள்ளப்பட்டு எண்ணெய் கொட்டும். ஒற்றைச் சுற்றுப் பிரேக் உள்ள வண்டியில் மிதி தரையைத் தொடும். சிரித்துக்கொண்டே ஓட்டுவதற்கு இதுவா நேரம்?

சோதிக்க விலையுயர்ந்த கருவி வேண்டுமென்பது சோம்பேறிகளின் சாக்கு. ஒரு சுண்ணக்கட்டி போதும். முன்சக்கரங்களுக்கு அடைகொடுத்து, பின்அச்சை உயர்த்தித் தாங்கிகளில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் விட்டு, கைப்பிரேக்கை இழுக்க வேண்டும். கம்பிச் சக்கரமாயின் முதலில் அதனைப் பிடித்து முன்னும் பின்னும் திருப்புக. டிரம் அசையாமல் சக்கரம் மட்டும் அசைந்தால் பிழை சக்கரத்தின் பற்களில். பிறகு சக்கரத்தைக் கழற்றி, ஷாஃப்டின் முனையிலிருந்து ஹப்பின் முகம்வரை நேர்கோடு ஒன்று கீறி, புரொப்பெல்லர் ஷாஃப்டை ஒருவர் கையால் இருபுறமும் திருப்பட்டும். கோடு முறிந்தால் குற்றவாளி ஹப்பே. முறியாவிடின், அதன்பின் உள்ளே ஐயுறுக. ஐந்து நிமிட வேலைக்கு மனமின்றி, அச்சு முழுவதையும் பிரித்துப் போடுவது எந்த ஊர்த் தொழில்நுட்பம்?

பிழையைக் கண்ட பின்னும் நட்டை வெறுமனே இறுக்கிக் கூலி வாங்கும் கைகள் உண்டு. தேய்ந்த பற்கள் இறுக்கத்தால் வளர்வதில்லை. தேய்ந்த ஹப்பையும் ஷாஃப்டையும் மாற்றத்தான் வேண்டும். நட்டின் இறுக்கம் 150 பவுண்டு-அடி. ஸ்பிலிட் பின்னின் துளை நேர்ப்படவில்லை என்று நட்டைச் சற்றே பின்னுக்குத் திருப்புவாரும் உளர். அடுத்த 'டொக்' அங்கேதான் கருக்கொள்கிறது. நட்டை மேலும் முன்னுக்கே இறுக்கி, அடுத்த பிளவில் பின்னைச் செருக வேண்டும்.