கற்றதும் உற்றதும்

அற்புதக் கதைகளைப் பற்றி நம்மிடையே இரு கருத்துகள் வழங்குகின்றன. இரண்டும் பொருந்தா என்பது என் துணிபு. அத்தகைய கதை உலகத்தோடு ஒட்டாத வெறும் பொய், வேலையற்றோர் கட்டிவிடுவது என்பது ஒன்று. அது எழுதியோன் வாழ்க்கையை மூடிவைத்த விடுகதை, மூடியை நீக்கினால் நடந்த செய்தி உள்ளே அப்படியே இருக்கும் என்பது மற்றொன்று. முன்னையது ஆசிரியர்களாகிய நம்மிடத்தும், பின்னையது விமரிசகர் சிலரிடத்தும் மிகுதி. கதைக்கரு ஒன்று உள்ளத்தில் எவ்வாறு உருப்பெறுகின்றது என்பதை நுணுகி நோக்குவார்க்கு இவ்விரண்டும் நில்லாமை விளங்கும்.

இதற்குச் சான்றாக ஆங்கில ஆசிரியர் ஜே. ஆர். ஆர். ரொல்கீனை எடுத்துக்கொள்கின்றேன். 1937 இல் ‘ஹொபிற்’ என்னும் நூலையும், 1954, 1955 ஆகிய ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக ‘லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்’ என்னும் பெருங்கதையையும் வெளியிட்டவர் அவர். நம் மாணவருட் பலர் அவற்றைத் திரைப்படமாகக் கண்டிருப்பர். ஆயினும் அவர் தொழிலாற் கதாசிரியர் அல்லர். 1925 முதல் 1959 வரை ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்திலே பேராசிரியராக இருந்தவர். நம்மைப் போலவே பழைய நூல்களுக்குப் பொருள் கண்டவர். நம்மைப் போலவே விடைத்தாள் திருத்திக் களைத்தவர். பரீட்சார்த்தி ஒருவர் ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டிருக்க, அதிலே ‘ஹொபிற்’ கதையின் முதல் வாக்கியத்தைத் தாம் எழுதியதாகவும், ஏன் எழுதினார் என்பது தமக்கே தெரியாதெனவும் அவர் பின்னர்க் கூறினார்.

வெறுந்தாளில் எழுந்த கதையாயினும் அது வெறுமையில் எழுந்ததன்று. அதில் வரும் குள்ளர்களின் பெயர்கள் ‘வொலுஸ்பா’ என்னும் பழைய நோர்ஸ் மொழிப் பாட்டிலிருந்து வந்தவை. தீயுமிழ் நாகத்தின் புதையலிலிருந்து ஒரு கிண்ணத்தைக் களவாட, நாகம் சினந்தெழும் நிகழ்ச்சி, ‘பெயோவுல்ஃப்’ என்னும் பழைய ஆங்கிலக் காப்பியத்தில் உள்ளது. பின்லாந்தின் ‘கலேவலா’விலே வரும் குல்லர்வோ என்பானின் அவலக் கதை, ரொல்கீன் கையிலே தூரின் என்னும் வீரனின் துன்பக் கதையாயிற்று. இவற்றினும் வியப்பானது ஒன்று உண்டு. பழைய ஆங்கிலக் கிறித்தவச் செய்யுளொன்றிலே விண்ணொளியைக் குறித்து வரும் ‘எயாரெண்டெல்’ என்னும் ஒரு சொல் இளமையிலே அவர் மனத்தைப் பற்றிக்கொண்டது. 1914 இல் அதனை ஒரு கடலோடியின் பெயராக்கிப் பாட்டெழுதினார். அவர் படைத்த புராண உலகத்தின் வித்துகளுள் அதுவும் ஒன்று.

இவையெல்லாம் கற்றவை. இவற்றோடு நின்றிருப்பின் அவர் திறமையான தொகுப்பாசிரியர் என்றே பெயர் பெற்றிருப்பார். இனி, உற்றவற்றைக் காண்போம்.

அவர் 4 வயதிலே தந்தையையும் 12 வயதிலே தாயையும் இழந்தவர். 1916 யூன் மாதம் பிரான்சு சென்று, சோம் போரிலே சமிக்ஞை அதிகாரியாகப் பணிபுரிந்தார். அப்போரின் முதல் நாளாகிய யூலை 1 ஆம் திகதி மாத்திரம் பிரித்தானியப் படையினர் 19,000 இற்கு மேற்பட்டோர் மடிந்தனர். அவருடைய பள்ளித் தோழர் ஒருவரும் அன்று மாண்டார். இன்னொரு தோழர் அவ்வாண்டு திசெம்பரில் இறந்தார். ரொல்கீன் அகழிக் காய்ச்சலுற்று நவெம்பரில் இங்கிலாந்து மீண்டார். நோய் தணிந்துவருங் காலத்திலே அவர் எழுதியது கொண்டோலின் என்னும் மறைந்த நகரத்தின் வீழ்ச்சியை. அதிலே பகைவர் இரும்பாலும் வெண்கலத்தாலும் நாகங்கள் செய்து, வயிற்றினுள்ளே வீரரை ஏற்றி நகரின்மேல் விடுகின்றனர். நாகம் ஏட்டிலிருந்து வந்தது. இரும்பு வயிறு எங்கிருந்து வந்தது? யுத்த தாங்கிகள் போர்க்களத்தில் முதன்முதல் இறங்கியது அதே சோம் போரில், 1916 செத்தெம்பரிலாகும். அவற்றை எண்ணியே எழுதினார் என்று யான் சாதிக்கவில்லை. அப்போரைக் கண்ட ஒருவர் நாகத்தை நினைக்குமிடத்து அதன் தோல் உலோகமாயிற்று என்ற அளவிலே அமைகின்றேன்.

இவ்விரு ஊற்றுகளும் ஓரிடத்திற் கலந்ததற்கு அவர் வாய்மொழியே உண்டு. பெருங்கதையிலே ஃபுரோடோவும் அவன் துணைவனும் ஒரு சதுப்புநிலத்தைக் கடக்கின்றனர். நீரினடியிலே பண்டைப் போரில் இறந்தோரின் முகங்கள் தோன்றுகின்றன. அப்பகுதி சோம் போருக்குப் பிந்திய வட பிரான்சுக்கு ஓரளவு கடன்பட்டது என்று 1960 இறுதியில் எழுதிய கடிதமொன்றிலே ரொல்கீன் கூறினார். வில்லியம் மொரிஸ் எழுதிய பழங்காலக் கதைகளுக்கு அதனினும் கூடுதலாகக் கடன்பட்டது என்றும் உடன் கூறினார். போர்க்களத்துச் சேற்றில் நின்றவர், படித்த கதைக்கே கடன் மிகுதி என்கின்றார்! இதனை நாம் ஆழ்ந்து சிந்தித்தல் வேண்டும். துயரம் தானாக உருக்கொள்வதில்லை. நூல்களிற் பயின்ற உருவம் உள்ளத்திலே முன்னரே இருப்பின், அதிலே சென்று தங்குகின்றது. உயிரைச் சுட்ட அநுபவம் இல்லையேல், படித்த உருவமும் வெறுங்கூடாகவே கிடக்கும். தொல்காப்பியனார் அகத்திணைப் புலனெறிக்கு நாடக வழக்கு, உலகியல் வழக்கு என இரண்டனையும் வேண்டினார். அவர் அகம் பற்றிக் கூறியதை மாயக் கதைக்கு முற்றும் பொருத்துதல் முறையன்று. எனினும் ஒன்று தனித்து நில்லாது என்ற நுட்பம் ஈண்டும் ஒக்கும்.

இனி, விடுகதைக் கொள்கையார்க்கு ஒரு சொல். ரொல்கீனின் மோதிரம் அணுகுண்டையே குறிக்கும் என்றாரும் உளர். அக்கதை தொடங்கப்பட்டது 1937 இல். குண்டு வீழ்ந்தது 1945 இல். தம் நூலின் இரண்டாம் பதிப்பு முன்னுரையிலே அவர் இத்தகைய உருவகப் பொருளை மறுத்ததோடு, 1918 அளவிலே தம் நெருங்கிய நண்பருள் ஒருவரொழிய ஏனையோர் இறந்துவிட்டனர் என்பதையும் குறிப்பிட்டார். வாழ்வு கதையிலே கலக்கின்றது. ஆனால் பெயர் மாற்றிக்கொண்டு வந்து உட்காருவதில்லை. கண்டதும் கற்றதும் மறந்ததும் இலையாக உதிர்ந்து மக்கிய மண்ணிலிருந்தே கதை முளைக்கும் என்பது அவர் கருத்து. தோட்டத்திலே குழை தாழ்ப்போர்க்கு இது எளிதில் விளங்கும். விளைந்த கத்தரிக்காயிலே எந்தக் குழை எது என்று பிரித்துக் காட்டல் இயலுமா?

இவ்வாராய்ச்சி நமக்கு வேண்டியதொன்று. நம் நாட்டிலே 2009 இல் முடிந்த போரைக் கண்டோர் நடந்ததை நடந்தவாறே எழுதவேண்டும், பிறிது எழுதுதல் தப்பியோடுதல் என்று வற்புறுத்துவோர் பலர். சாட்சியம் வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால் எல்லாத் துயரமும் சாட்சியமாக வாய்திறப்பதில்லை. சில பத்தாண்டுகள் மண்ணுட் கிடந்து, நாகமாகவும் நகரமாகவும் வெளிப்படும். மாணவி ஒருத்தி கிணற்றினுள்ளே ஓர் ஊர் இருந்தது என்று கட்டுரை எழுதினால், ‘பொருந்தாக் கற்பனை’ என்று சிவப்பு மையாற் கோடிடுவதன்முன், அவள் வீட்டார் விட்டுவந்த கிணறு ஒன்று இருக்கலாம் என்று ஆசிரியர் எண்ணிப்பார்ப்பாராக. அதனை அவளிடம் துருவிக் கேட்டல் வேண்டா. அவளுக்கு நூல்களைக் கொடுத்தாற் போதும். பரீட்சைக்கு வேண்டிய பக்கங்களை மாத்திரமன்றி, மணிமேகலையையும் கந்தபுராணத்தையும் பிறநாட்டுப் பழங்கதைகளையும் முழுமையாகப் படிக்க வழி செய்வோமாக. உற்றதை நாம் கொடுக்க வேண்டியதில்லை. அது நம் பிள்ளைகளிடம் வேண்டியதற்கு மேலும் உண்டு. கற்றதைக் கொடாது விடுவோமாயின், அவர்கள் துயரம் தங்க இடமின்றி அலையும். அப்பழி ஆசிரியராகிய நம்மையே சாரும்.