துப்பியது ஒரு நாள், நிறுத்தியது நாங்கள்

எங்களூர் பேரணாம்பட்டில் ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பாகற்காய் எப்படியிருக்கும் என்று தெரியாவிட்டால் பழி எங்களுடையது. "எங்க புள்ள காயே தொடாதுங்க" என்று சலிப்பு பாதி பெருமை பாதியாக, அந்தப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே ஊருக்கெல்லாம் சொன்னோம். அதுவும் கேட்டுக் கேட்டு அப்படியே ஆனது.

முதல் வாய்க் கீரையைத் துப்பிய அன்றே கீரையை நிறுத்திவிட்டோம். இரண்டு வயதிலிருந்து ஆறு வயதுவரை புதிய உணவைக் கண்டு மிரள்வது பிள்ளைகளின் இயல்பு. 1980களில் அமெரிக்க உளவியலாளர் லீஆன் பிர்ச் செய்த ஆய்வுகள், ஒரே பண்டத்தைத் திரும்பத் திரும்ப, பத்து முறைகூட, கொஞ்சங் கொஞ்சமாக ருசித்த பிறகே சிறுபிள்ளைகளுக்கு அது பிடிக்கத் தொடங்குகிறது என்று காட்டின. அதட்டினாலும், 'இதைத் தின்னா மிட்டாய்' என்று பேரம் பேசினாலும் வெறுப்புதான் கூடும். நாங்கள் அதட்டவும் செய்தோம், பேரமும் பேசினோம், இரண்டும் பலிக்காதபோது ஐந்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்துக் கொடுத்தோம்.

காரணம் இல்லாமல் இல்லை. காலையில் ஷூ கம்பெனி பஸ் யாருக்காகவும் நிற்காது. பீடி சுற்றும் வீட்டில் அன்றைய கணக்கு முடியாமல் கை ஓயாது. பிள்ளை தள்ளிவிடும் கீரைக்குப் போன காசும் கண்ணை உறுத்தும். வயிறு நிறைந்தால் போதுமென்று பாலில் பிஸ்கட்டைக் கரைத்து ஊட்டினோம். வாய் திறக்கட்டுமென்று செல்போனைக் கையில் கொடுத்தோம். இதற்காக அம்மாக்களை இன்னும் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் பிள்ளைக்குத் தேவைப்பட்டது தனிச் சமையல் அல்ல. எங்கள் தட்டிலிருந்து விரல் நுனியளவு கீரைக் கடைசல் போதும். அந்தத் தட்டிலும் கடைசல் இருக்க வேண்டுமே! கேழ்வரகுக் களியும் கீரையும் ஏழைச் சோறு என்று ஒதுக்கிவிட்டு, அதே கேழ்வரகைச் சத்துமாவு டப்பாவில் விலை கொடுத்து வாங்கினோம்.

பள்ளிக்கூடம் எங்களைவிடப் பொறுமையாக இருந்தது. 1982இல் சத்துணவு வந்தது. 1989இல் இரு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்ந்தது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டில் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. கிச்சடி, பொங்கல், காய் போட்ட சாம்பார். பக்கத்திலிருக்கும் பிள்ளை தின்பதைப் பார்த்தால் தனக்குப் பிடிக்காத காயையும் பிள்ளை எடுத்துத் தின்னும். இதையும் பிர்ச் சோதித்துக் காட்டியிருக்கிறார். அந்தப் பந்தியிலிருந்துதான் எங்களில் பலர் பிள்ளைகளைப் பிரித்தோம். சத்துணவுக்கு உட்காருவது கௌரவக் குறைச்சல் என்று டப்பாவில் வெறும் தயிர்சாதத்தைக் கட்டி அனுப்பினோம். பந்தியில் உட்கார விட்டவர்களும் சும்மா இருக்கவில்லை. "எங்க புள்ளைக்குக் காய் போடாதீங்க" என்று சமையல் அக்காவிடம் சொல்லிவைத்தோம்.

இந்தப் பழிப் பட்டியலில் பெரிதாகத் தப்பித்தவர்கள் ஆண்கள். ஊட்டுவது பெண் வேலை என்று தோல் ஷாப்பிலிருந்து வந்து கால் நீட்டினோம். ஞாயிற்றுக்கிழமை பிரியாணியில் கறியைத் தேடி எடுத்து, கூட வந்த கத்தரிக்காயைப் பிள்ளை பார்க்கவே ஒதுக்கினோம். அப்பன் ஒதுக்கியதைப் பிள்ளை எதற்குத் தொடும்? எங்களூர் அப்பாக்களே, வரும் ஞாயிறு அந்தக் கத்தரிக்காயை நீங்கள் முதலில் சாப்பிடுங்கள். பிள்ளை கேட்டால் ஒரு துண்டு கொடுங்கள். துப்பினால் திட்டாதீர்கள், அதற்கடுத்த ஞாயிறும் சாப்பிடுங்கள்.