யார்டில் காயும் கரும்பு

தீபத் திருவிழாவின்போது திருவண்ணாமலை மாடவீதிகளில் கரும்புத் தொட்டில் கட்டிப் பிள்ளையைச் சுமந்து வருவது நேர்த்திக்கடன். அந்தக் கரும்பை யாரும் காக்க வைப்பதில்லை. ஆலைக்குப் போகும் கரும்புதான் காத்துக் கிடக்கிறது. இங்கிருந்து செய்யாறு கூட்டுறவு ஆலைக்குத் தொலைவு அதிகம். போய்ச் சேர்ந்தாலும் ஆலை வாசலில் டிராக்டர் வரிசை.

வெட்டிய கரும்பை 24 மணி நேரத்துக்குள் அரைத்துவிட வேண்டும் என்பது எல்லா ஆலைக்கும் தெரிந்த பாடம். வெட்டுண்ட கணத்திலிருந்தே அதன் நொதிகள் சர்க்கரையை உடைத்துக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் மாற்றுகின்றன. இவை படிகமாகாமல் கழிவுப்பாகோடு போய்விடும். வெட்டுவாயில் புகும் லியூகோனாஸ்டாக் பாக்டீரியா, சர்க்கரையைத் தின்று டெக்ஸ்ட்ரான் என்ற பசையை உண்டாக்கும். சாறு கொழகொழத்து, படிகம் கட்டத் தாமதமாகும். வேடிக்கை என்னவென்றால், ஆய்வகத்தில் சர்க்கரையை அளக்கும் ‘போல்’ (pol) அளவீட்டில் இந்தப் பசை சர்க்கரைபோலவே தன்னைக் காட்டிக்கொள்ளும்.

சர்க்கரைவள்ளிக்கிழங்கல்ல, சர்க்கரைக்கிழங்கான பீட் இவ்வளவு அவசரப்படுத்தாது. அமெரிக்காவின் மினசோட்டாவில் அதை மலையாகக் குவித்து, குளிர்காற்று செலுத்தி உறைய வைத்து, மாதக்கணக்கில் அரைக்கிறார்கள். நம் வெயிலில் அது நடக்காது. அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று: லோடுக்கு லோடு மாதிரி எடுத்து, இருக்கும் சர்க்கரைக்கு ஏற்பப் பணம் கொடுக்கும் முறை.

இங்கே 2025-26 பருவத்துக்கு, 10.25 சதவீதக் கட்டுமானத்துக்கு (கரும்பிலிருந்து கிடைக்கும் சர்க்கரையின் விகிதம்) மத்திய அரசு வைத்த விலை டன்னுக்கு 3,550 ரூபாய். கட்டுமானம் 9.5-க்குக் கீழே போனாலும் 3,290.50 ரூபாய் உண்டு. கணக்கெடுப்பதோ ஆலையின் மொத்தக் கட்டுமானத்தை. அதனால் தன் வண்டி ஆலை யார்டில் இரண்டு நாள் காய்ந்தால் விவசாயிக்கு நேரடியாகக் குறைவது எடைதான். சர்க்கரை நஷ்டம் ஆலைக்கு. ஆனால் கூட்டுறவு ஆலையின் நஷ்டம் நிலுவையாக உருமாறி அதே விவசாயியிடம் திரும்பி வரும். 14 நாளில் பணம் தர வேண்டும், தவறினால் 15 சதவீத வட்டி என்கிறது 1966-ம் ஆண்டு கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை. வட்டி வாங்கியவரைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

விவசாயிமேல் தப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆள் கிடைத்த நாளில், ஆலையின் வெட்டு உத்தரவுக்கு முன்பே வெட்டிப் போடுபவர்கள் உண்டு. தோகைக்குத் தீ வைத்து வெட்டினால் கெடுவது இன்னும் வேகம். ஆனாலும் வெட்டு உத்தரவு ஆலையின் கையில் இருக்கிறது. எடைச்சீட்டில் வெட்டிய நேரமும் வண்டி வாசலுக்கு வந்த நேரமும் பதிவாகட்டும். வந்தபின் குறையும் எடையை ஆலை ஏற்கட்டும். இயந்திரம் பழுதானால் அன்றைய வெட்டை நிறுத்தச் சொல்ல ஒரு குறுஞ்செய்தி போதும்.