“பெண்ணுக்குத் தமிழ் போதும்” என்னும் பேதைமை



நம் அன்பர் சிலர்தம் இல்லங்களில் நாளும் காணத்தகும் காட்சி ஒன்றை முதற்கண் நினைவூட்டுகின்றேன். வாயில் நிலையில் தூய தமிழில் இல்லப்பெயர் பொறித்திருக்கும். மகனுக்கும் மகளுக்கும் நாமணக்கும் தமிழ்ப்பெயர், தலைப்பெழுத்தும் தமிழெழுத்தே. இவையெல்லாம் போற்றத்தக்கனவே. ஆயின், காலையில் வாயிலில் வந்து நிற்கும் ஆங்கிலப் பள்ளி வண்டியில் ஏறுபவன் மகன். பையைத் தோளிலிட்டு அரசுப் பள்ளிக்கு நடந்து செல்பவள் மகள். பத்தாம் வகுப்பு முடிந்ததும் அவனுக்குக் கணக்கும் அறிவியலும் சேர்ந்த முதற்பிரிவு. அவளுக்கு வரலாற்றுப் பிரிவு. அதன்பின் அவனுக்குப் பொறியியல், அவளுக்குத் தமிழிலக்கியம். “ஏன் இந்த வேற்றுமை?” என வினவினால், “அவள் விருப்பம் அது” என்பர். சற்றே நெருக்கி வினவினால், “பெண்ணுக்குத் தமிழ் போதுமே, ஐயா!” என்பர்.

இந்தப் ‘போதும்’ என்னும் ஒரு சொல்லில் இரண்டு இழிவுகள் அடங்கிக் கிடக்கின்றன. ஒன்று பெண்ணுக்கு, மற்றொன்று தமிழுக்கு. சிறந்ததை நாம் எவர்க்கும் ‘போதும்’ என்று சொல்லித் தருவதில்லை. மலிந்ததையும் எஞ்சியதையுமே அச்சொல்லோடு ஒதுக்குகின்றோம். மகளைக் குறைவாக எண்ணியமையால் அவளுக்குத் தமிழைத் தந்தோம். தமிழைக் குறைவாக எண்ணியமையால் அதனை மகளுக்குத் தந்தோம். இதற்குத் தமிழ்ப்பற்று என்று பெயரும் சூட்டிக்கொண்டோம்!

பிறரைக் குற்றஞ்சாட்டித் தப்பித்துக்கொள்வதற்காக இதனை எழுதவில்லை. நானும் இக்குற்றத்தில் பங்குடையவன். ஏறத்தாழ முப்பதாண்டுகட்கு முன், தமிழாசிரியனாக நான் பணியேற்ற புதிதில், நெசவுத்தொழில் மிக்க ஓரூர்ப் பள்ளியில் பத்தாம் வகுப்பு முடித்த மாணாக்கி ஒருத்தி கணக்கில் நூற்றுக்கு 98 மதிப்பெண் பெற்றிருந்தாள். அவள் தந்தையார் தறி நெய்பவர். தமிழ்க்கூட்டம் எங்கு நடப்பினும் முன்வரிசையில் அமர்பவர். அவர் மகளை அழைத்து வந்து, “இவளை வரலாற்றுப் பிரிவிலே சேர்த்துவிடுங்கள், ஐயா. நாளைக்கு இவளும் உங்களைப்போலத் தமிழ் படிக்கட்டும்” என்றார். உண்மையைச் சொன்னால், எனக்குப் பெருமிதமே உண்டாயிற்று. தமிழுக்கு ஒரு மகள் கிடைத்தாள் என்று மகிழ்ந்து, சேர்க்கைத்தாளை நானே நிரப்பிக் கொடுத்தேன். அருகில் நின்ற அப்பெண்ணை நோக்கி, “உனக்கு எதில் விருப்பம், அம்மா?” என்று ஒரு சொல் கேட்டேனில்லை. அவள் தலைகுனிந்து நின்றாள். அவ்வாய் மூடியிருந்ததையே இசைவு எனக் கொண்டேன். சில ஆண்டுகள் சென்றபின், அவளினும் மிகக் குறைந்த மதிப்பெண் பெற்ற அவள் தம்பிக்கு அத்தந்தையாரே கடன்பட்டுத் தனியார் பொறியியற் கல்லூரியில் இடம் பெற்றுத் தந்தார் என்று கேள்வியுற்றேன்.

அண்மையில் அப்பெண்ணே, முன்தலை நரைத்தவளாய், தன் மகளைக் கைப்பிடித்துக்கொண்டு நான் இப்போது பணியாற்றும் பள்ளிக்கு வந்தாள். “ஐயா, இவளுக்குக் கணக்குப் பிரிவு வேண்டும். இவளையாவது ஒரு சொல் கேட்டுவிட்டுச் சேருங்கள்” என்றாள். அச்சொல்லில் சினம் இல்லை. சினந்திருந்தால் எனக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும். அன்று தொட்டு, ‘விருப்பப் பாடம்’ என்னும் சொல்லைக் கேட்கும்போதெல்லாம், யாருடைய விருப்பம் என்று எனக்குள் வினவிக்கொள்கின்றேன்.

“பெண்களுக்குக் கணக்கும் அறிவியலும் இயல்பில் ஒத்து வாரா” என்று கூறுவார் இன்றும் உளர். அவர்கட்கு எண்களே விடை கூறட்டும். 2024-ஆம் ஆண்டு தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தேறிய பெண்கள் 96.44 விழுக்காட்டினர், ஆண்கள் 92.37 விழுக்காட்டினர். இந்திய அளவில் 2021-22-ஆம் ஆண்டின் உயர்கல்விக் கணக்கெடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அறிவியற் படிப்புகளில் பெண்கள் 29.8 இலக்கம்; ஆண்கள் 27.4 இலக்கம். அறிவியல் வகுப்பில் ஆண்களை முந்தி நிற்கும் அதே பெண்கள், பொறியியல் வகுப்பில் பத்தில் ஏறத்தாழ மூவராகச் சுருங்கிப் போகின்றனர். இயற்பியலும் கணக்கும் ஏறாத மூளையாயின் அறிவியல் வகுப்பில் எங்ஙனம் ஏறின? அறிவியல் வகுப்பின் வாயிலைக் கடந்த மூளை, பொறியியல் வகுப்பின் வாயிலில் மட்டும் ஏன் மழுங்க வேண்டும்?

மழுங்கியது மூளையன்று, மூடியது பெற்றோரின் பணப்பை. கலை அறிவியற் கல்லூரி அண்மையிலேயே இருக்கும், மூன்றாண்டில் முடியும், கட்டணம் குறைவு, மாலையில் மகள் வீடு திரும்பிவிடுவாள். பொறியியற் கல்லூரியோ தொலைவில் இருக்கும், நான்காண்டு ஆகும், கட்டணமும் விடுதிச் செலவும் மிகும். இச்செலவை மகனுக்குச் செய்தால் முதலீடு என்றும், மகளுக்குச் செய்தால் இழப்பு என்றும் கணக்கெழுதுகின்றோம். அதற்கும் மேலான தடை ஒன்றுண்டு. மணமகன் மணமகளினும் கூடுதலாகப் படித்திருக்க வேண்டும் என்னும் எழுதாச் சட்டம் நம்மிடை நிலவுகின்றது. மகள் ஒருபடி ஏறினால் மாப்பிள்ளை இரண்டுபடி ஏறியவனாக வேண்டும். அவனுக்குத் தரும் மணக்கொடையும் ஏறும். ஆதலின், மகள் எந்தப் படியில் நிற்க வேண்டும் என்பதை, இன்னும் முகங்காணாத மாப்பிள்ளையின் விலையே உறுதி செய்கின்றது. இதனையா ‘அவள் விருப்பம்’ என்பது?

பொருள் இல்லாமையே கரணியம் என்பார்க்கு ஒன்று சொல்வேன். பொருள் இல்லாத வீட்டில் இருவர்க்கும் இல்லாமற் போகட்டும். தம்பிக்குக் கிடைக்கும் கடன் தமக்கைக்கு மட்டும் கிடைக்காமற் போவது ஏன்? வறுமை இருவர்க்கும் பொது. அதனை ஒருத்தியின் தலையில் மட்டும் சுமத்துவது வறுமையின் செயலன்று, நம் செயல்.

முன்பு கதவாக இருந்ததே பின்பு வேலியாக ஆன கதையையும் எண்ணிப் பாருங்கள். 1929-இல் செங்கற்பட்டில் கூடிய தன்மான இயக்க மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்றது. தொடக்கப் பள்ளிகளில் பெண்களையே ஆசிரியராக அமர்த்த வேண்டும் என்றும் கூறிற்று. அடுப்படியினின்றும் பெண்ணை வெளிக்கொணர அன்று அஃதொரு கதவு. நாமோ அக்கதவைக் கடந்ததும் அங்கேயே ஒரு சுவர் எழுப்பிவிட்டோம். “ஆசிரியப் பணியே பெண்ணுக்கு ஏற்றது, செவிலியமே பெண்ணுக்கு ஏற்றது” என்று சொல்லிச் சொல்லி, மற்ற வாயில்களை அடைத்துவிட்டோம். அப்பணிகள் தாழ்ந்தவை என்று நான் சொல்லவில்லை, நானே ஆசிரியன். ஒருத்தி அதனை விரும்பி ஏற்பது வேறு. வேறு வழியின்றி அதற்குள் தள்ளப்படுவது வேறு. இதன் மறுபுறத்தையும் காண்க: செவிலியம் பயில விரும்பும் இளைஞனை நாம் எள்ளி நகையாடுகின்றோம், தமிழ் பயில விரும்பும் மகனை, “பிழைக்கத் தெரியாதவன்” என்கின்றோம். பெண்ணுக்கு இட்ட வேலி ஆணின் காலையும் தைக்கவே செய்கின்றது.

வேலியைத் தாண்டியோர் நம் மண்ணில் இல்லாமலில்லை. புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த முத்துலக்குமி அம்மையார், ஆண்களே பயின்ற கல்லூரியில் எதிர்ப்புக்கிடையே பயின்று, 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-இல் பட்டம் பெற்றார்; 1927-இல் சட்டமன்றம் புகுந்தார்; 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை கண்டார். சென்னையில் வாழ்ந்த தெலுங்குக் குடும்பத்துப் பெண்ணான இலலிதா அம்மையார், பதினெட்டு அகவையில் கணவரை இழந்து கைக்குழந்தையோடு நின்றவர். 1940-இல் கிண்டிப் பொறியியற் கல்லூரியில் மின்பொறியியல் பயிலச் சேர்ந்தார். அவர்க்குப் பட்டச்சான்று வழங்கும்போது, ஆணைக் குறித்து அச்சிட்டிருந்த சொல்லை அடித்துவிட்டுப் பெண்ணைக் குறிக்கும் சொல்லைக் கையால் எழுதிக் கொடுத்தனர் என்பர். தாளில் அடித்தெழுதிய அத்திருத்தத்தை எண்பதாண்டு கடந்தும் நம் உள்ளத்தில் எழுதிக்கொண்டோமா?

கழகக் காலப் பெண்பாற் புலவர் முப்பதின்மர்க்கும் மேற்பட்டோர் என்று மேடைதோறும் மார்தட்டுகின்றோம். அவருள் வெண்ணிக்குயத்தியார் கரிகாலனின் முகத்துக்கு நேரே, வென்ற நின்னினும் தோற்றவனே நல்லவன் என்று பாடினார். வேந்தனை நோக்கி அவ்வாறு பேசத் துணிந்த பெண்ணின் வழிவந்தவள், தன் தந்தையை நோக்கி, “எனக்குக் கணக்கு வேண்டும், அப்பா” என்று சொல்ல நாவெழாமல் நிற்கின்றாளே! பழம்பெருமை பேசுவோர் இதற்கு விடை கூறக் கடமைப்பட்டவர் அல்லரோ?

இனித் தமிழுக்கு நேர்ந்த இழிவைச் சொல்வேன். இடம் கிடைக்காதோரும், பொருளற்றோரும், பெண்ணாய்ப் பிறந்தோரும் ஒதுங்கும் நிழற்குடையாகத் தமிழ்த்துறையை நாம் ஆக்கிவிட்டோம். தமிழ் வகுப்பில் பெண்கள் நிறைந்திருப்பது கண்டு மகிழ்வோரே, அவருள் எத்தனை பேர் தமிழைக் காதலித்து வந்தோர், எத்தனை பேர் தள்ளப்பட்டு வந்தோர் என்று கேட்டறிந்தீரா? 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டுமானப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கிற்று. தமிழ்வழியில் பயின்ற மகளிர்க்கு அஃதொரு பெருவாயில். ஆனால் அவ்விரண்டும் “பெண்ணுக்கு ஒவ்வாதவை” என்று நாம் முன்னரே முடிவு கட்டிய துறைகள்! தமிழ் திறந்த வாயிலைத் தமிழரின் வழக்கமே அடைக்குமாயின், யாரை நோவது?

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று கூறேன். 1989 முதல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் ஏழைப் பெண்ணின் திருமணத்துக்கு வழங்கிய உதவியை, 2022 முதல் அவள் உயர்கல்விக்கு உரியதாக மாற்றி, அரசுப் பள்ளியில் பயின்றவளுக்குத் திங்கள்தோறும் 1,000 உருபா வழங்குகின்றனர். தாலிக்குச் சென்ற பொருள் படிப்புக்குத் திரும்பியது நன்மாற்றமே. ஆயின் எதைப் படிப்பது என்பதை அப்பணம் முடிவு செய்வதில்லை; வீடுதான் முடிவு செய்கின்றது. ஆதலின் வீட்டில் தொடங்குவோம்.

ஒன்று: மகனை எப்பள்ளிக்கு அனுப்புகின்றோமோ அப்பள்ளிக்கே மகளையும் அனுப்புக. தமிழ்வழி சிறந்தது என்று மெய்யாகவே நம்பினால், அதனை மகனிடத்திலும் மெய்ப்பித்துக் காட்டுக.

இரண்டு: பதினொன்றாம் வகுப்பில் பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போது, ஆசிரியர் அப்பெண்ணைத் தனியே அழைத்து அவள் விருப்பத்தைக் கேட்டறிக. பெற்றோர் முன்னிலையில் அவள் வாய்மூடி நின்றால் அதனை இசைவு எனக் கொள்ளற்க.

மூன்று: பெண்கள் மேனிலைப்பள்ளி ஒவ்வொன்றிலும் கணக்கு, அறிவியற் பிரிவும், ஆய்வுக்கூடமும், அவற்றைக் கற்பிக்க ஆசிரியரும் உண்டா என நம் அன்பர் ஊர்தோறும் உசாவுக, இல்லாவிடத்து அரசை நெருக்குக. கல்லூரி மகளிர்க்குக் காப்பான விடுதியும் பேருந்தும் கேட்டுப் போராடுக.

நான்கு: மாப்பிள்ளை மேற்படி ஏறியவனாக இருத்தல் வேண்டும் என்னும் மூடக் கணக்கை நம் வீட்டுத் திருமணங்களில் முதலில் முறித்தெறிக.

ஐந்து: தமிழ் படிக்க விரும்பும் மகனைத் தடுக்காதீர்; தமிழ் படிக்க விரும்பாத மகளைத் தள்ளாதீர். விரும்பி வருவோர் பத்துப்பேர் போதும், தமிழ் வாழும். தள்ளப்பட்டு வருவோர் பல்லாயிரவரால் அது வாழாது.

நெசவாளர் மகளின் மகள் இன்று எங்கள் பள்ளியில் கணக்குப் பிரிவில் பயில்கின்றாள். தாளை நிரப்புமுன் அவளைக் கேட்டேன். அவள் தயங்காது விடை சொன்னாள். தாய் அப்பால் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கேட்பதற்கு ஒரு நொடி ஆயிற்று; முன்பு கேளாமற் போனதற்கு ஒரு தலைமுறை ஆயிற்று.

தமிழ் மக்களே! நும் மகளிடம் இன்றிரவே கேளுங்கள். அவள் சொல்லும் விடை எதுவாயினும், அதற்குத் துணை நில்லுங்கள்.